தாத்தா திருப்பிப் போட்ட வரைபடம்

ஆறாம் வகுப்பில் ஒருநாள் தமிழ்நாட்டு ஆறுகளைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கடைத்தெருவில் அவுட்லைன் மேப் சில்லறைக்குக் கிடைக்கும். மெல்லிசான தாள், அழுத்தி எழுதினால் கிழிந்துவிடும். திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு காவிரிக்கு நீலப் பென்சிலில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதக் கடைசி. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டதாக ரேடியோவில் சொல்லி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் வாய்க்காலில் இன்னும் தலைகாட்டவில்லை. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கும் கடைமடை எங்கள் ஊர். காவிரி கல்லணையில் பிரிந்து, அதில் ஒரு கிளை வெண்ணாறாகி, வெண்ணாறும் பிரிந்து, பிரிந்ததும் பிரிந்து, கடைசியில் ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய வாய்க்காலாக எங்கள் வயலுக்கு வரவேண்டும். மேலே இருக்கிற ஊர்களெல்லாம் குடித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு.

தாத்தா மடையைப் பார்த்துவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் வரைபடம் பார்த்துப் பழக்கமில்லை.

"என்னப்பா இது?"

"தமிழ்நாடு தாத்தா. இதுதான் காவேரி."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "காவேரி ஏன் இப்படிக் குறுக்க படுத்துக் கெடக்கு?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் தாளைக் கையில் வாங்கி, கால் சுற்று திருப்பி, திண்ணையில் வைத்தார். எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தால் எதிரே மேற்கு. இப்போது தாளிலும் மேற்கு மேலே போயிருந்தது.

"தண்ணி மேக்கேருந்துதானே வருது? அப்ப மேலேருந்து கீழதானே வரணும்? இப்பப் பாரு."

"மேப்புல வடக்குதான் தாத்தா மேல இருக்கும்."

"வடக்கு எப்பிடிப்பா மேல ஆவும்? மேக்குதானே மேல?"

அவர் வாதாடவில்லை, வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார். நான்தான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலை தாளின் தலைமாட்டில் கூரை முகடு மாதிரி நீண்டு கிடந்தது. இடது கைப் பக்கம் கன்னியாகுமரி, வலது கைப் பக்கம் சென்னை. தாமிரபரணி, வைகை, காவிரி, தென்பெண்ணை, பாலாறு ஐந்தும் மேலேயிருந்து ஆலம் விழுது மாதிரி கீழே தொங்கி, தாளின் அடியில் இருந்த கடலைத் தொட்டன. நான் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்த "தமிழ்நாட்டு ஆறுகள் கிழக்கு நோக்கிப் பாய்கின்றன" என்ற வாக்கியம் அந்த நிமிடம் கண்ணுக்குத் தெரிந்தது. மேலே ஊற்றினால் கீழே ஓடுகிறது. அவ்வளவுதான் விஷயம். கடைமடை என்றால் என்ன என்பதும் அப்போதுதான் முழுசாக விளங்கியது. தாளின் அடிவிளிம்பில், கடலுக்கு ஒரு நூல் மேலே இருந்தோம் நாங்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தாளை வடக்கு மேலே வைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் இன்றுவரை தமிழ்நாட்டை நினைத்தால் என் மனத்தில் வருவது தாத்தா வைத்த கோலம்தான். அன்றிலிருந்து, வழக்கத்துக்கு மாறான வரைபடம் எது கண்ணில் பட்டாலும் விடமாட்டேன். இந்தக் கட்டுரை அப்படி என்னைப் பிடித்துவைத்துக்கொண்ட சிலவற்றைப் பற்றியது.

தாத்தா சொன்னது வெறும் கிராமத்துப் பேச்சு இல்லை என்பது எனக்குத் தெரியப் பத்து வருஷம் ஆனது. மேல் என்பதிலிருந்துதான் மேற்கு. கீழ் என்பதிலிருந்துதான் கிழக்கு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல் என்று சரிந்து கிடக்கும் நிலத்தில் வாழ்ந்தவர்கள் திசைக்கு வைத்த பெயர்கள் இவை. டெல்டாவில் இன்றும் மேலண்டை வீடு, கீழண்டை வயல் என்றுதான் பேச்சு. மேலவீதி, கீழவீதி இல்லாத கோயில் ஊர் இல்லை. விடியும்போது கீழ்வானம் வெளுக்கிறது என்கிறோம். வானத்தில் ஏது கீழ்? நம் மொழிக்குள்ளேயே ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் மேற்கு தலைமாட்டில் இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று மலையாளம். மலைக்கு அந்தப் பக்கம் நிலம் நேர்மாறாகச் சரிகிறது. அங்கே உயரமான பக்கம் கிழக்கு, தாழ்ந்த பக்கம் மேற்கு. ஆனால் மலையாளத்திலும் கிழக்குக்குப் பெயர் கிழக்குதான். மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அதைக் 'கீழ்' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். மேற்கை மட்டும் படிஞ்ஞாறு என்கிறார்கள், ஞாயிறு படியும் திசை. மலையின் கிழக்குச் சரிவில் பிறந்த சொல் ஒன்று மலையைத் தாண்டிப் போயிருக்கிறது என்று 1856-ல் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதை எடுத்துக்காட்டுகிறார். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனிதர்கள் எந்தப் பக்கம் நின்று உலகத்தைப் பார்த்தார்கள் என்று சொல்லிவிட முடிகிறது.

சமஸ்கிருதத்தின் வரைபடம் வேறு. பூர்வம் என்றால் முன்னால் இருப்பது, கிழக்கு. தட்சிணம் என்றால் வலப்பக்கம், தெற்கு. சூரியனைப் பார்த்து நிற்கிற ஒருவரின் உடம்பே அங்கே திசைகாட்டி. இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவர்களும் கிழக்கைத்தான் மேலே வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டு தேவாலயத்தில் 1300 வாக்கில் கன்றுத்தோலில் வரைந்த உலகப் படம் ஒன்று இருக்கிறது. உச்சியில் கிழக்கு, நட்டநடுவில் ஜெருசலேம். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு, 1154-ல், சிசிலியின் அரசன் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் வரைந்த உலகத்தில் தெற்கு மேலே இருந்தது. சீனர்கள் காந்த ஊசிக்கு வைத்த பெயரே 'தெற்கைக் காட்டும் ஊசி'. அந்த ஊசி இரண்டு பக்கமும்தானே காட்டுகிறது? எந்த முனைக்குப் பெயர் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

வடக்கு மேலே என்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி வைத்தால்தான் ஒருவர் படத்தை இன்னொருவர் படிக்க முடியும். ஆனால் அது ஒரு ஏற்பாடு என்பது நமக்கு மறந்துபோய்விடுகிறது. மேலே இருப்பது உசத்தி, கீழே இருப்பது மட்டம் என்று எல்லா மொழியிலும் மனசு பழகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஸ்டூவர்ட் மெக்ஆர்தர் என்ற இளைஞர் 1979-ல் தெற்கு மேலே, ஆஸ்திரேலியா நடுவே வரும்படி ஓர் உலகப் படத்தை அச்சிட்டு வெளியிட்டார். 'உலகத்தின் அடியில் இருக்கும் நாடு' என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒருவரின் வேலை அது. அந்தப் படத்தை முதலில் பார்க்கும்போது இந்தியா எங்கே என்று எனக்குச் சில விநாடிகள் பிடிபடவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த நாடு. அந்தச் சில விநாடிகளுக்காகவே இப்படிப்பட்ட படங்கள் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு படம், இது வரைந்ததுகூட இல்லை. 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 நிலவுக்குக் கிளம்பிய ஐந்து மணி நேரத்தில், அதிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்து எடுத்த பூமியின் புகைப்படம். முழு வட்டமாக, நீலக் கோலிக்குண்டு மாதிரி. எல்லோரும் எங்காவது பார்த்திருப்போம். அவர்கள் எடுத்த கோணத்தில் தென்துருவம்தான் மேலே இருந்தது, வெள்ளைத் தொப்பி போட்டது போல. வெளியிடும்போது நாசா அதைத் திருப்பி வடக்கை மேலே கொண்டுவந்தது. விண்வெளியில் மேலும் இல்லை, கீழும் இல்லை. இருந்தாலும் பூமிக்கு வந்ததும் அந்தப் படம் நம் வழக்கப்படி நிற்க வேண்டியிருந்தது.

நாம் பார்க்கும் படத்தின் வலது மேல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மேகச் சுழல் தெரியும். டிசம்பர் 5 அன்று தமிழகக் கரையைத் தாக்கிய புயல் அது. கடலூருக்குப் பக்கத்தில் கரையேறியது. என் அம்மா பிறந்தது கடலூர் முதுநகரில். அப்போது அவருக்குப் பத்து வயது. ராத்திரி முழுக்க ஓடு பறந்து விழுகிற சத்தம், நெல் குதிர் இருந்த உள்ளறையில் பிள்ளைகளை எல்லாம் உட்காரவைத்துப் பாட்டி கதவுக்கு அண்டைகொடுத்துக்கொண்டு நின்றது, விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துக் கிடந்தது, இதெல்லாம் அம்மா அடிக்கடி சொல்லும் கதை. போன வருஷம்தான் அந்தப் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். "நாங்க இதுக்கு உள்ளயா இருந்தோம்?" என்று கேட்டார். படம் எடுத்தபோது புயல் அவர்களைத் தாண்டிப் போயிருந்தது என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். உலகம் முழுக்கக் காலண்டரிலும் பாடப்புத்தகத்திலும் ஒட்டிவைத்த ஒரு படத்தின் ஓரத்தில் தன் வீட்டு ஓட்டைப் பறித்த காற்று இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எனக்கும்தான்.

சரி, இனி எல்லோருக்கும் தெரிந்த கதைக்கு வருகிறேன்.

நம் வகுப்பறைச் சுவரில் தொங்கிய உலகப் படங்களில் பெரும்பாலானவை மெர்கேட்டர் என்ற ஐரோப்பிய வரைபடக்காரர் 1569-ல் வகுத்த முறையில் வந்தவை. அவர் அதைச் செய்தது மாலுமிகளுக்காக. அந்தப் படத்தில் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்து, அதன் கோணத்தை அளந்துகொண்டு, வழி முழுக்க அதே கோணத்தில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு போனால் ஊர் வந்துவிடும். கரையே தெரியாத கடலில் இது உயிர் காக்கிற வசதி. அதற்குக் கொடுக்கிற விலை, துருவத்தை நோக்கிப் போகப்போக நிலம் உப்பிக்கொண்டே போவது. 60 டிகிரி அட்சரேகையில் நீளமும் அகலமும் இரண்டு மடங்காகத் தெரியும். பரப்பு நான்கு மடங்கு. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஏறக்குறைய உள்ளபடியே தெரிகிறது. கிரீன்லாந்தோ ஆப்பிரிக்காவுக்குச் சமமாக நிற்கிறது. உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவை விடச் சிறியது. ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். பதினாலு கிரீன்லாந்து உள்ளே போய் உட்காரும்.

சாத்துக்குடித் தோலை உரித்துத் தரையில் வைத்துத் தட்டையாக்கிப் பாருங்கள். ஒன்று கிழியும், இல்லை இழுபடும். கிழியாமல் இழுபடாமல் அது முடியவே முடியாது என்பதைக் கணித மேதை காஸ் 1827-ல் கணக்காக நிரூபித்துவிட்டார். ஆகவே குற்றமில்லாத தட்டை உலகப் படம் என்று ஒன்று கிடையாது. எதைக் காப்பாற்றுகிறோம், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. மாலுமிக்குக் கோணம் வேண்டும், அவர் பரப்பை விட்டுக்கொடுத்தார். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கப்பல் ஓட்டும் வேலை இல்லையே? அதற்கு நாடுகளின் அளவுதான் தெரிய வேண்டும். மாலுமியின் கருவியைக் கொண்டுவந்து பிள்ளையின் சுவரில் மாட்டியதுதான் பிசகு. 2018-ல் மூன்று பேர் சேர்ந்து பரப்பை உள்ளபடி காட்டும் 'ஈக்வல் எர்த்' என்ற படத்தை வகுத்தார்கள். அந்த மாதிரிப் படத்துக்கு உலகம் மாறவேண்டும் என்ற இயக்கத்தை 2025-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரித்தது. ஒரு கண்டமே எங்கள் அளவைச் சரியாகக் காட்டுங்கள் என்று கேட்கிறது. அந்தக் கேட்பில் இருக்கிற நியாயத்தைப் புரிந்துகொள்ள ஆப்பிரிக்கராக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் கிரீன்லாந்துப் பேச்சு வந்தால் எல்லோரும் இந்த அளவுக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் நிலத்தை எப்படி வரைந்தார்கள்?

அவர்கள் அதைச் செதுக்கினார்கள். 1884-85 குளிர்காலத்தில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் அம்மசாலிக் என்ற இடத்தில் குஸ்தாவ் ஹோல்ம் என்ற டேனிஷ் கடற்படை அதிகாரியின் குழு தங்கியிருந்தது. குனித் என்ற வேட்டையாடி தன் கையால் செதுக்கிய மரத்துண்டுகளை அவரிடம் விற்றார். மரம் வளராத நாடு அது. கடல் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டைதான் அவர்களுக்கு மரம். கைக்கு அடக்கமான ஒரு துண்டு, விளிம்பெல்லாம் வெட்டு வெட்டாக, பல்லுப்போன அரிவாள் மாதிரி இருக்கும். தெரியாதவர் பார்த்தால் உடைந்த ஏதோ சாமானின் பாகம் என்று தூக்கிப் போட்டுவிடுவார். ஒவ்வொரு வெட்டும் ஒரு கடல்கழி, கடல் நிலத்துக்குள் நீண்டு நுழையும் இடம். ஒவ்வொரு மேடும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. ஒரு பக்க விளிம்பில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனால் கரையோரமாகப் போகிறீர்கள். நுனிக்கு வந்ததும் கரை முடிந்துவிடுவதில்லை. அப்படியே மறுபக்க விளிம்பில் தொடர்ந்து இறங்குகிறது. இன்னொரு துண்டில் கரைக்கு எதிரே இருக்கும் தீவுகள், முடிச்சு முடிச்சாக, மெல்லிய தண்டால் கோத்தது போல. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றை ஒன்று உரசும்படி நகர்த்தினால் எந்தக் கழிக்கு எதிரே எந்தத் தீவு என்று தெரியும். கழியில் பனி அடைத்துக்கொண்டால் கயாக் படகைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாக அடுத்த கழிக்கு நடந்துபோகலாம் என்பதுகூட அதில் குறித்திருக்கிறது.

இதில் வடக்கு எது? மேல் எது? எதுவும் இல்லை. கையில் எப்படிப் பிடித்தாலும் அதுதான் நேர். கண்ணே வேண்டாம், விரல் போதும். உள்நாட்டுப் பனிப்பாறைப் பரப்பு, மெர்கேட்டர் படத்தில் அவ்வளவு பெரிதாக வெள்ளையாகத் தெரியுமே அது, இந்த மரத்தில் ஓர் இழைகூட இல்லை. அங்கே சீலும் இல்லை, வீடும் இல்லை, அதனால் அதற்கு இடமும் இல்லை. ஒரே நிலம். ஒருவர் சுவரில் அது ஒரு கண்டம் அளவு பெரிது. இன்னொருவர் உள்ளங்கையில் அது ஒரு சாண்கூட இல்லை. எனக்கு இந்த மரத்துண்டுதான் அதிக உண்மையானதாகத் தோன்றுகிறது. ஏனென்றால் அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வீடு வந்து சேர முடியும்.

அடுத்தது பசிபிக்கில் மார்ஷல் தீவுகள். நடுக்கடலில் இருபத்தொன்பது பவள வளையத் தீவுகளும் சில தனித்தீவுகளும் சிதறிக் கிடக்கின்றன. கடல் மட்டத்துக்கு மேலே சராசரியாக இரண்டு மீட்டர் உயரம்தான். படகிலிருந்து பார்த்தால் கொஞ்ச தூரத்திலேயே மறைந்துவிடும். இந்தத் தீவுகளுக்கு நடுவே போய்வந்த மாலுமிகள் தென்னை ஈர்க்கையும் சோழியையும் வைத்து வரைபடம் கட்டினார்கள். ஈர்க்கு என்றால் நம் வீட்டு விளக்குமாற்று ஈர்க்கேதான். அதைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நாரால் கட்டி, சிலதை வளைத்து, சந்திப்புகளில் சோழி கட்டுவார்கள். சோழி தீவு. ஈர்க்கு?

முதலில் நான் அது வழி என்று நினைத்தேன், தீவுக்குத் தீவு போகும் பாதை. அப்புறம்தான் தெரிந்தது, ஈர்க்கு அலை. காற்று கிளப்பிவிடும் மேல்மட்ட அலை இல்லை, எங்கோ வெகுதூரத்தில் பிறந்து நாள்கணக்கில் ஒரே சீராக உருண்டு வரும் நெடிய அலைகள். அவை ஒரு தீவில் மோதும்போது இரண்டு பக்கமும் வளைந்து, தீவுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று சந்திக்கும். அந்த வளைவுதான் வளைந்த ஈர்க்கு. சந்திக்கும் இடத்தில் படகு ஒரு தனி மாதிரி ஆடும். தேர்ந்த மாலுமி படகின் அடியில் படுத்துக்கொண்டு, அந்த ஆட்டத்தை முதுகால் உணர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தீவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இந்தப் படங்களைக் கடலுக்கு எடுத்துப் போவதில்லை. கரையில் உட்கார்ந்து படித்து, மனத்தில் ஏற்றிக்கொண்டு, வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்.

நமக்குத் தெரிந்த எல்லா வரைபடமும் நிற்கிற பொருள்களைக் காட்டுகிறது. இது அசைவதைக் காட்டுகிறது. தாத்தா வாய்க்காலில் காலை வைத்துப் பார்த்து, "இது மழைத் தண்ணி, மேட்டூர்த் தண்ணி இன்னும் வரல" என்பார். நிறம், வேகம், காலில் படும் சூடு, இவற்றை வைத்து அவருக்குள்ளும் ஏதோ ஒரு படம் ஓடியிருக்கிறது. அதை ஈர்க்கில் கட்டிவைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவரோடு போய்விட்டது. ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டோமே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

இந்த மார்ஷல் தீவுகளில் ஒன்றுதான் பிகினி. நம் உலகப் படத்தில் அந்த இடத்தில் நீலத்தைத் தவிர ஒன்றும் இருக்காது, அதிகம் போனால் ஒரு புள்ளி. அப்படி எல்லாவற்றுக்கும் ஒதுங்கி இருக்கிறது என்பதற்காகவே 1946-ல் அமெரிக்கா அதை அணுகுண்டுச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது. அங்கிருந்த 167 பேரை வேறு தீவுக்கு ஏற்றி அனுப்பியது. 1958 வரை பிகினியிலும் எனிவெடாக்கிலுமாக 67 குண்டுகள் வெடித்தன. ஒரு படத்தில் வெறும் நீலம். இன்னொரு படத்தில் அதே இடம் ஈர்க்கு ஈர்க்காகப் பெயர் சொல்லி அறிந்த அலைகள், சோழி கட்டிய ஊர்கள். எந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதில் மனிதர்களின் வாழ்வும் சாவும் இருக்கிறது.

வெறும் நீலம் என்று எழுதும்போது எனக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கல்லூரி விடுமுறையில் ஊரில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் தண்ணீர் வரவில்லை. காலையில் மோட்டார் பைக்கில் வந்த ஒருவர் "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டே போனார். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று யாருக்கும் புரியவில்லை. சுனாமி என்ற சொல் எங்களுக்கு அன்று மாலைதான் கிடைத்தது. டிராக்டரில் சோறும் பழைய துணிகளும் எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் போனோம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

அங்கே ஒரு பெரியவர் வேட்டி முழுக்கச் சேறாக, மண்டபத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "எங்கேருந்து தம்பி வந்துச்சு?" என்று கேட்டார்.

"சுமத்ரா பக்கம் நிலநடுக்கமாம் ஐயா."

"அது எங்க இருக்கு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுமத்ரா இந்தோனேசியாவில் இருக்கிறது என்று தெரியும். அவர் கேட்டது அது இல்லையே. இந்தக் கரையில் நின்று பார்த்தால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கேட்டார். நான் பள்ளியில் படித்த தமிழ்நாட்டுப் படத்தில் கரைக்கு அப்பால் ஒரு விரற்கடை நீலம், அதில் 'வங்காள விரிகுடா' என்று சாய்வெழுத்து, அதோடு சட்டம் முடிந்துவிடும். இந்தியப் படத்தில் அந்தமான் நிக்கோபார் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுமத்ராவோ வேறு பாடத்தில், வேறு பக்கத்தில், தென்கிழக்கு ஆசியா என்ற தலைப்பின் கீழ். அந்தக் கடலின் இரண்டு கரையையும் ஒரே தாளில் நான் பார்த்ததே இல்லை.

பிறகு ஒருநாள் அளந்து பார்த்தேன். நாகப்பட்டினத்திலிருந்து டெல்லிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் பண்டா அச்சேவுக்கு ஏறக்குறைய 1,800. டெல்லியை விட அச்சே எங்களுக்குக் கிட்டம்! அலை அந்தத் தூரத்தை ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் கடந்து வந்திருக்கிறது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டிருக்காது. ராஜராஜன் காலத்தில், சுமத்ராப் பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தக் கோயிலைக் கட்டினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்ததைச் சோழர் செப்பேடு சொல்கிறது. 1025-ல் ராஜேந்திரனின் கப்பல்கள் அதே ஸ்ரீவிஜயத்தின் மேலும், மலாய்க் கரையில் இருந்த கடாரத்தின் மேலும் போயின. கோயில் கட்டவும் சண்டை போடவும் எதிர்க்கரையாக இருந்த ஊர்கள் அவை. கடல் அவர்களுக்கு நடுமுற்றம் மாதிரி இருந்திருக்கிறது. நமக்கு அது கொல்லைப்புறச் சுவராகிவிட்டது.

அதனால்தான் கடலை நடுவில் வைக்கிற படங்களின் மேல் எனக்குத் தனிப் பிரியம். அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் என்ற கடலியலாளர் 1942-ல் அப்படி ஒன்றை வகுத்தார். அதில் நிலங்கள் எல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக் கிழிந்து கிடக்கும். நடுவே பசிபிக், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று திறந்த ஒரே நீர். வங்காள விரிகுடா அந்தப் பெரிய நீரின் ஒரு சின்ன மடி. 2004 சுனாமியின் அதிர்வை அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் இருக்கும் அலையளவுக் கருவிகள்கூடப் பதிவு செய்தன. நமக்குத் தெரிந்த படத்தை வைத்துக்கொண்டு அது எப்படி அங்கே போனது என்று யோசித்தால் தலை சுற்றும். ஸ்பில்ஹாஸ் படத்தில் விரலால் ஓட்டிக் காட்டிவிடலாம்.

இந்த வருஷம் எனக்காக ஒரு படம் தயார்செய்தேன். கணினியில் வங்காள விரிகுடாவை நடுவில் வைத்து, தாத்தா சொன்னபடி மேற்கை மேலே வைத்தேன். மேல் விளிம்பில் மலை, அதன் கீழே நம் கரை, இடப்பக்கம் இலங்கை, வலப்பக்கம் கங்கை முகத்துவாரம், அடியில் அந்தமான், நிக்கோபார், சுமத்ரா. ஊர்ப் பெயர்களைத் தமிழில் போட்டேன். பிளெக்ஸ் கடையில் கொடுத்தபோது அச்சுப்போடும் பையன், "அண்ணே, படம் திரும்பியிருக்கு, நேராக்கிடவா?" என்று கேட்டான். அப்படியே போடச் சொன்னேன். போட்டுவிட்டு அவனும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவன் ஊர் பரங்கிப்பேட்டையாம். தேடிக் கண்டுபிடித்துக் காட்டினான்.

அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார்.

"நம்ம ஊரு எங்க?"

காட்டினேன். கடலூரையும் காட்டினேன். அப்புறம் அவரே கீழே குனிந்து, ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்து, சுமத்ராவில் விரலை வைத்தார்.

"இங்கேருந்தா வந்துச்சு?"

"ஆமாம்மா."

விரலை எடுக்காமல் மெதுவாக மேலே நகர்த்தினார். நிக்கோபாரை ஒட்டி, நீலத்தின் வழியாக நேரே ஏறி, நாகப்பட்டினத்தில் வந்து நின்றது.

"நடுவுல ஒண்ணுமே இல்லையே," என்றார்.